பூண்டு உரிக்காத வீட்டில் பூண்டு நாற்றம்: பெரிய வீட்டைக் கிட்டங்கிக்கு விட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் பூர்வீக வீட்டின் உள்பகுதிகளான கட்டுகளை நெல், அரிசி, பருப்பு மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டிருக்கும் செட்டியார் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், அந்த மூட்டைகளுக்குச் சொந்தக்காரர்களான வியாபாரிகளுக்கும்,

வணக்கம்.

1984 முதல் 2015 வரை 31 வருடம் கிட்டங்கிகளில், அதாவது சரக்குக் கிடங்குகளில், வேலை பார்த்தவன் நான். சம்பளப் பட்டியலில் என் பதவிக்கு என்னென்னவோ பெயர் இருந்தது. செய்த வேலை என்னவோ மூன்றுதான். மூட்டை அடுக்கிய அட்டி மேல் ஏறி வண்டு பார்ப்பது, வண்டைக் கொல்லும் மாத்திரை போட்டு மூடுவது, மூடியைப் பிரித்துக் காற்றாட விடுவது. என் அப்பா காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் அந்த வீட்டு வளவில், நடுமுற்றத்தில்தான் விளையாட்டு. ஆகவே கிட்டங்கியும் தெரியும், உங்கள் வீடுகளும் ஓரளவு தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் இப்போது அதிகம் இல்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் எனக்குத் தங்கை மகள் முறையாகிற பெண் போன் செய்தாள். அவளும் அவள் புருஷனும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலுமாக இருக்கிறார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். இரண்டாங்கட்டில் ஓர் அறையில் இவர்கள் குடியிருப்பு. பக்கத்து அறைகளில் ஒரு வியாபாரியின் மூட்டைகள்.

"மாமா, நாலு நாளா வீட்டுக்குள்ள ஒரே பூண்டு நாத்தம். நான் பூண்டு உரிச்சே ஒரு வாரம் ஆச்சு. எலி கிலி செத்துக் கெடக்கான்னு எல்லா மூலையும் பாத்துட்டேன்."

"பிள்ளைக எப்படி இருக்கு?"

"ரெண்டும் காலையில எந்திரிச்சா வாந்தி, தலைவலி. பள்ளிக்கூடம் போனா நல்லாயிருது. ராத்திரி திரும்ப வருது. டாக்டர்ட்ட காட்டினோம், கேஸ் ட்ரபிள்னு மருந்து குடுத்தாரு."

டாக்டர் வாயில் வந்த வார்த்தை சரிதான். கேஸ்தான். வயிற்றில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வாசலுக்குப் போ, கதவைத் திறந்து போட்டுவிட்டு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தபோது மூட்டை அடுக்கிய அறையின் கதவு பூட்டியிருந்தது. கீழ் இடுக்கில் பழைய சேலையைத் திணித்திருந்தார்கள். அதாவது உள்ளே இருப்பது வெளியே வரக்கூடாது என்று மருந்து வைத்தவருக்கும் தெரிந்திருக்கிறது. கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட கம்பி ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த அறைக்கும் பிள்ளைகள் தூங்குகிற அறைக்கும் நடுவில் சுவர் இருக்கிறதே தவிர, மேலே மேங்கோப்புக்கு, அதாவது மரக்கூரைக்கு, ஒரே பலகைதான், இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டு மஞ்சளாக இல்லை. அடிபிடித்த பாத்திரம் மாதிரி கருத்திருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தேவைப்படவில்லை எனக்கு.

வியாபாரிக்குப் போன் போட்டேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதறிப் போய் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். "அண்ணே, வருஷா வருஷம் போடுறதுதான். நாலு மூட்டைக்கு ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்தாக" என்றார். யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் கவரில் சில்லறையாக வாங்கியிருக்கிறார். பேப்பரில் மடித்து மூட்டைக்கு மூட்டை செருகியிருக்கிறார். கதவடைத்து ஐந்தாவது நாள் அது. இரண்டு நாள் வீட்டை முழுக்கத் திறந்து போட்டோம். பிள்ளைகள் தேறிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே யாரும் இதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அந்த மாத்திரை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறத்தில் தடித்த பெப்பர்மின்ட் மாதிரி இருக்கும். பெயர் அலுமினியம் பாஸ்பைடு. ஒன்று 3 கிராம். மாத்திரை தானாக வண்டைக் கொல்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அது பொரிந்து பாஸ்பின் என்கிற வாயு கிளம்புகிறது, அதுதான் கொல்கிறது. ஒரு மாத்திரையிலிருந்து ஒரு கிராம் பாஸ்பின். மிச்சம் விபூதி மாதிரி ஒரு தூள். சுத்தமான பாஸ்பினுக்கு வாசனையே கிடையாது. அதோடு கலந்து வரும் வேறு வாயுக்களால்தான் அந்த அழுகின பூண்டு நாற்றம், சிலருக்குக் கார்பைடு கல் மாதிரி, சிலருக்கு மீன் மாதிரி. தானியமும் சுவரும் அந்த நாற்றத்தைக் குடித்துவிட்டால் வாயு இருந்தும் மூக்குக்குத் தெரியாமல் போகும். நாற்றம் இல்லை, போகலாம் என்று உள்ளே நுழைந்தவர்களை நான் வெளியே தூக்கி வந்திருக்கிறேன்.

கணக்கும் பார்த்துவிடுவோம். கணக்குப்பிள்ளை மகன், விட மனசு வராது. பத்தடிக்குப் பத்தடி, உயரம் பத்தடி உள்ள ஓர் அறையில் ஒரே ஒரு மாத்திரை முழுக்கப் பொரிந்து, வாயு வெளியேறாமல் கலந்தால், காற்றில் சுமார் 25 பிபிஎம் பாஸ்பின் இருக்கும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்கிற ஆளுக்கு வைத்திருக்கும் எல்லை 0.3 பிபிஎம். ஒற்றை மாத்திரையே எல்லையைப் போல 80 மடங்குக்கு மேல் போகிறது. 50 பிபிஎம் என்பது உடனடி உயிராபத்து என்று வைத்திருக்கும் அளவு. அதற்கு அதே அறையில் இரண்டு மாத்திரை போதும். கிட்டங்கியில் அட்டிக்கு மூடி போட்டு நாங்கள் போட்ட கணக்கு டன்னுக்கு மூன்று மாத்திரை. இருபது டன் சரக்கு என்றால் அறுபது. பேப்பரில் மடித்து உங்கள் வீட்டுக்குள் போகிற எண்ணிக்கையை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து என்று ஒன்று இன்றுவரை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கிட்டங்கியில் செய்ததைத்தானே வீட்டில் செய்கிறோம் என்று கேட்பீர்கள். அங்கேதான் வீட்டின் கட்டுமானம் குறுக்கே நிற்கிறது. உங்கள் பாட்டனார்கள் வீடு கட்டியபோது ஒரே நினைப்பாகக் கட்டியிருக்கிறார்கள்: காற்று வர வேண்டும், போக வேண்டும். முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரைக்கும் நேர்கோட்டில் பார்வை போகும். நடுவில் வானம் பார்த்த வளவு. ஒவ்வோர் அறைக்கும் மேலே காற்றுக்கண். மேங்கோப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தொடர்ச்சி. கோடைக்கு அந்த வீட்டுக்குள் இருக்கும் குளுமைக்கு இதுதான் காரணம், ஏசி வைத்தவர்களுக்கே தெரியும். சுண்ணாம்புச் சுவர் என்னவோ கண்ணாடி மாதிரி வழவழவென்று கெட்டியாக இருக்கிறது. ஆனால் சுவரா ஒழுகுகிறது? கதவும் ஜன்னலும் பலகையும் பிற்காலத்தில் கரண்டு ஒயருக்குப் போட்ட ஓட்டையும் ஒழுகுகின்றன. பாஸ்பின் காற்றைவிடக் கொஞ்சமே கனம். தரையில் தங்காது, கூரையில் ஒதுங்காது, காற்றோடு காற்றாகக் கலந்து காற்று போகிற இடமெல்லாம் போகும். காற்று போவதற்கென்றே கட்டிய வீட்டில் அது எங்கேதான் போகாது?

அடுத்தது வியாபாரிகளுக்கு. மனிதரை விடுங்கள், வண்டாவது சாகிறதா என்று பார்ப்போம்.

அரிசிக் கூன்வண்டு இருக்கிறதே, அதன் மூக்கை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும், நுனியில் கடிவாய். பெண் வண்டு அதால் ஒரு மணியில் குழி தோண்டி, உள்ளே ஒரு முட்டை வைத்து, ஒருவிதப் பசையால் வாயை அடைத்துவிட்டு அடுத்த மணிக்குப் போகும். அப்படி ஆயுளில் 300 முட்டைக்கு மேல் வைக்க வல்லது. முட்டை பொரிந்து புழுவாகி, அந்த ஒரே மணிக்குள் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஓட்டை போட்டு வண்டாக வெளியே வருகிறது. நீங்கள் சாக்கின் மேல் ஊர்வதாகப் பார்க்கிற வண்டு அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னப் பங்கு. மீதி மணிக்குள் இருக்கிறது. ராத்திரி அமைதியில் வண்டு நன்றாக விழுந்த மூட்டையின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிசாக நறநறவென்று ஒரு சத்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்த பெரியவர், "கேட்டியா, நம்ம சம்பளத்தையும் சேத்துத் தின்னுது" என்றார்.

பாஸ்பின் வண்டின் மூச்சு வழியாக உள்ளே போய் உயிரணுவின் சுவாசத்தைக் கெடுக்கிறது. ஓடியாடுகிற வண்டு நன்றாக மூச்சு விடும், சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் பெயருக்குத்தான் மூச்சு விடுகின்றன, அதனால் விஷமும் பெயருக்குத்தான் ஏறுகிறது. அவை அடுத்த பருவத்துக்கு வளரும் வரைக்கும் வாயு அங்கேயே காத்திருக்க வேண்டும். ஐந்து நாளுக்குக் குறையக்கூடாது, ஏழு நாள் நல்லது என்பது அதற்காகத்தான். அதுவும் பல நூறு பிபிஎம் அளவில் கடைசி நாள் வரை நிற்க வேண்டும். ஒழுகுகிற அறையில் முதல் இரண்டு நாள் வாயு எகிறும், பிறகு விழுந்துவிடும். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் தரையெல்லாம் செத்த வண்டு. கூட்டிப் பார்த்து மனசு குளிரும். மூன்று வாரம் கழித்து அதே மூட்டையில் புதுவண்டு ஊரும். "மாத்திரை போலி, இந்தத் தடவை ரெட்டிப்பாப் போடு" என்பீர்கள். ரெட்டிப்பாகப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. அளவுக்கு மேல் வாயு சட்டென்று ஏறினால் வண்டு மயங்கிச் சுருண்டுவிடும். மயங்கின வண்டு விஷத்தையும் குறைவாகவே இழுக்கும். இந்த வாயுவுக்கு வேண்டியது நாள். அளவைக் கூட்டி நாளைக் குறைக்க முடியாது.

தப்பிப் பிழைத்த வண்டின் பிள்ளை குட்டி இன்னும் மோசம். அரைகுறை வாயுவைத் தாங்கியவை மட்டும் பெருகி, அடுத்த வருடம் அதே அளவுக்கு அசையாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73இல் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பிலேயே பாஸ்பினுக்கு அசராத பூச்சிகள் தென்பட்டுவிட்டன. இன்று நம் நாட்டில் மாவு வண்டும் நெல்லைத் துளைக்கும் சின்ன வண்டும் அதில் கெட்டிக்காரர்கள். ஒரு வீட்டு அறையில் பழகின வண்டு லாரி ஏறி எல்லாக் கிட்டங்கிக்கும் போகும். நாளைக்குப் பெரிய கிட்டங்கியில் முறையாகப் போட்டாலும் சாகாது. அதற்குமேல் கையில் வேறு ஆயுதமும் பெரிதாக இல்லை. மெத்தில் புரோமைடு என்று ஒன்று இருந்தது, ஒரே நாளில் வேலையை முடிக்கும். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், நம்மைப் போன்ற நாடுகளும் 2015உடன் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. ஏற்றுமதி இறக்குமதியில் பூச்சித் தடுப்புக்கு மட்டும்தான் இப்போது. வீட்டுக் குதிருக்குள் உடைத்துப் போடுகிற கண்ணாடிக் குப்பி மருந்து பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், ஈடிபி. அதுவும் 2001இல் தடை.

அதே 2001 ஜூலையில் வந்த இன்னோர் அறிவிப்பைச் சொல்ல வேண்டும். 3 கிராம் மாத்திரை பத்தும் இருபதுமாக அடைத்த குழாய்களைத் தயாரிக்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று மத்திய அரசு அன்றைக்கே தடை செய்துவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு அரசுத் துறைகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் அனுமதி பெற்ற பூச்சித் தடுப்பு ஆட்களுக்கும்தான். நிபுணர் மேற்பார்வையில்தான் போட வேண்டும். மளிகைக் கடையிலோ உரக்கடையிலோ பிளாஸ்டிக் கவரில் பத்து மாத்திரை கொடுப்பது சட்டப்படி குற்றம், வாங்கி வீட்டுக்குள் வைப்பதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. விற்கிறவர்களைப் பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்கட்டும், அவர்களுக்குத் தனியாக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2010இல் யூட்டா மாநிலத்தில் நடந்தது பேப்பரில் வந்தது. வீட்டுக்கு வெளியே எலி வளையில் இதே மருந்தைப் பூச்சித் தடுப்பு ஆள் வந்து போட்டார். கட்டடத்துக்கு அடியோடு வாயு வீட்டுக்குள் ஏறி இரண்டு சிறுமிகள் இறந்து போனார்கள். அதற்குப் பிறகு குடியிருப்பு இடங்களில் வளைக்கு இந்த மருந்து போடுவதையே அந்த நாட்டில் நிறுத்தினார்கள். மற்றக் கட்டடங்களுக்கு 100 அடி தள்ளித்தான் போட வேண்டும் என்று விதி. வெளியே, மண்ணுக்குள் போட்டதற்கே 100 அடி. நாம் ஒரே கூரைக்குக் கீழே, பலகை இடுக்கு வழியே வெளிச்சம் தெரிகிற அறையில் போடுகிறோம்.

இவ்வளவு பேசுகிறவன் தப்பு செய்யாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம். எந்தக் கிட்டங்கி, எந்த ஊர் என்பது வேண்டாம். மாத்திரை போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் நாலு லாரி. மேலே இருந்து போன், சரக்கை ஏற்று என்று. நான் மூடியைப் பிரிக்கச் சொன்னேன். காற்றாட ஒரு ராத்திரியாவது விட வேண்டும், ஒரு மணி நேரம்தான் விட்டேன். லோடுமேன்கள் நாற்றத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல, ஏறு" என்றேன். முதலில் ஏறியவர் எனக்கு மூத்தவர், என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். பதினாலாவது வரிசையில் மூட்டையைப் புரட்டியவர் அப்படியே உட்கார்ந்தார். "தம்பி, நெஞ்சை இறுக்குது" என்றார். இறக்கிக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். அன்று சாயந்திரம் வரைக்கும் நன்றாகத்தான் பேசினார், டீ குடித்தார். ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோப்பது இப்படித் தாமதமாக வரும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு மூட்டை தூக்கவில்லை. அவர் பிள்ளை கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார், போனேன், பந்தியில் அவரே எனக்கு இலை போட்டார். அந்தச் சாப்பாடு இறங்கவில்லை.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்பினுக்குச் செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கம் எல்லாம் ஆகாது. செம்பைத்தான் அதிகம் அரிக்கும். கிட்டங்கிக்குள் மாத்திரை போடப் போகும்போது மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவோம். உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நிலைக்கதவின் பித்தளைக் குமிழ், குத்துவிளக்கு, சீர்வரிசைத் தவலைகள், சாமி அறையில் வெள்ளிச் சாமான். இதெல்லாம் புளி போட்டுத் தேய்த்தால் ஓரளவு போகும். சுவருக்குள் ஓடுகிற செம்புக் கம்பியும் சுவிட்சின் உள்நாக்கும் தேய்க்க முடியாதவை. அந்த வீட்டில் போர் மோட்டாரின் சுவிட்சு இரண்டு தடவை கருகி, எலக்ட்ரீசியன் வோல்டேஜ் சரியில்லை என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். மரமே மேல்கூரையாக இருக்கிற நூறு வருடத்து வீட்டில் ஒயரின் முனை அரித்துப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் இருந்துகொண்டு மாத வாடகையை எண்ணுகிற சொந்தக்காரர்கள் இந்த ஒன்றையாவது யோசிக்க வேண்டும். பிள்ளைகளின் வாந்தி தூரத்தில் இருக்கிறது. வீடு உங்களுடையது, பங்காளிகள் அத்தனை பேருடையது.

மழையையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வளவில் கொட்டுகிற தண்ணீர் தாழ்வாரம் வரை தெறிக்கும். ஓடு நகர்ந்த இடத்தில் ஒழுகும். குவியலாகக் கிடக்கும் மாத்திரை மேல் அந்தத் தண்ணீர் பட்டால் வாயு மெல்ல மெல்ல வராது, ஒரேயடியாகப் பொங்கும். காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ்பின் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது. பக்கத்தில் சணல் சாக்கு, மேலே தேக்கு.

சரி, அப்படியானால் வண்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுவதா என்றால், இல்லை. நெல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1937 வாக்கில் கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு உங்கள் முன்னோர் கைக்கு வந்திருந்தது. நெல்லைக் காசாக்கத் தெரிந்தவர்களுக்குக் காக்கவும் தெரிந்திருந்தது. இந்த வளவிலும் மச்சிலும் வெயில் காட்டிக் காட்டித்தான் அப்பா காலத்தில் நெல் உள்ளே போகும். ஈரம் 12, 13 சதவீதத்துக்கு இறங்கிய தானியத்தில் வண்டு மெதுவாகத்தான் பெருகும். மீட்டர் இல்லாவிட்டால், காய்ந்த உப்பு ஒரு கைப்பிடியையும் தானியம் ஒரு கைப்பிடியையும் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் வீட்டுக் குதிருக்குச் சரி. இருபது டன் சரக்குக்கு வேப்பிலை போதும் என்று சொன்னால் அது பொய், நான் சொல்ல மாட்டேன். பயறு வகைக்கு விளக்கெண்ணெய் தடவுவது மட்டும் சில்லறைச் சரக்கில் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் காற்றுப் புகாத பல அடுக்குப் பைகள் வந்திருக்கின்றன. நல்ல காய்ந்த சரக்கைப் போட்டு இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கும் வண்டும் தானியமும் மூச்சு விட்டே ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் தின்பது நிற்கும், பெருகுவது நிற்கும், பிறகு சாகும். மருந்தே வேண்டாம். பை விலை சாக்கைவிட அதிகம்தான், எலி கடித்தால் போச்சு என்பதும் உண்மைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் செய்த துளைக் குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. தானியத்துக்குள் குத்தி வைத்தால், காற்றுத் தேடி அலைகிற வண்டு துளை வழியே விழுந்து அடியில் மாட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை எடுத்து எண்ணினால் வண்டு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே கையில் இருக்கும். பஞ்சாங்கம் பார்த்து வருஷா வருஷம் மாத்திரை போடுவதைவிட இது மேல்.

அதற்கும் மீறி வாயு போட்டே ஆக வேண்டும் என்றால் சரக்கை அங்கே கொண்டுபோங்கள், வாயுவை இங்கே கொண்டுவராதீர்கள். ஆள் குடியிருக்காத, தனியாக நிற்கிற கிட்டங்கி. ஓட்டை இல்லாத கனமான பாலித்தீன் மூடி, சுற்றிலும் மணல் பை அணை. அனுமதி உள்ள ஆள், அவரோடு இன்னொருவர், பாஸ்பினுக்கென்றே உள்ள டப்பா முகமூடி. மூக்கில் கட்டுகிற துண்டும் கொரோனா மாஸ்க்கும் இந்த வாயுவுக்கு ஒன்றுமே இல்லை. ஏழு நாள். பிரித்தபின் வாயு அளக்கும் குழாயால் பார்த்துவிட்டுத்தான் ஆள் உள்ளே. லாரி வாசலில் நின்றால் நிற்கட்டும்.

வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை வாடகைச் சீட்டு எழுதும்போது, இந்தக் கூரைக்குக் கீழ் எந்த அறையிலும் மாத்திரை போடக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். காவலுக்கு இருப்பவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் உங்களுக்குப் போன் செய்து "பூண்டு நாத்தம் அடிக்குது" என்று சொன்னால், வேலையில் கள்ளத்தனம் என்று நினைக்காமல் உடனே வெளியே போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரம். தை பிறந்தால் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரப்போகிறீர்கள். கட்டுகளைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்வீர்கள். மூட்டை இருந்த அறை என்றால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அன்று முழுக்க யாரும் உள்ளே போக வேண்டாம். மூலையிலோ பேப்பர் மடிப்பிலோ விபூதி மாதிரி சாம்பல் தூள் கிடந்தால் கையால் தொட வேண்டாம், கூட்ட வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம். பொரியாத மாத்திரை அதற்குள் இருக்கலாம், ஈரம் பட்டால் அங்கேயே கிளம்பும். மருந்து போட்டவரையே கூப்பிட்டு, தெரிந்த ஆளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்த அறையில் பாய் விரிக்கச் சொல்லிவிடாதீர்கள், ஆச்சி.

இப்படிக்கு,
மாத்திரை போட்டு ஓய்ந்த ஒருவன்,
காரைக்குடிப் பக்கம்.